பேறு பார்ப்பவளின் பேறுகாலம்

வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாக ஜவ்வாது மலையேறி ஜமுனாமரத்தூர் செல்வோர் இடையில் காவலூரைக் கடந்தே செல்ல வேண்டும். சிற்றூர்தான், ஆயினும் அதன் பெயர் உலகின் வானியல் ஏடுகளில் நிலைத்துவிட்டது. வைணு பாப்பு எனும் அறிஞர் தேர்ந்தெடுத்த இம்மலைச் சரிவில் அமைந்த வானாய்வுக் கூடத்திலிருந்துதான் 1972-ஆம் ஆண்டு வியாழனின் துணைக்கோளாகிய கனிமீடுக்கு மெல்லிய வளிமண்டலம் உண்டெனும் சான்று கிடைத்தது. 1977-இல் யுரேனஸ் கோளைச் சுற்றி வளையங்கள் இருப்பதைக் கண்டறிந்த கூடங்களுள் இதுவும் ஒன்று. 1986-இல் 2.3 மீட்டர் விட்டமுள்ள பெருந்தொலைநோக்கியும் இங்கு நிறுவப்பெற்றது.

விண்ணில் கோடிக்கணக்கான மைல்களுக்கு அப்பாலுள்ளதைக் கண்ட இம்மலைத் தொடரில், வலி கண்ட பெண்ணைச் சாலை முனைவரை தூளி கட்டிச் சுமந்துவந்த செய்திகளை நம் காலத்திலும் நாளேடுகளில் படித்திருக்கிறோம். மலையாளி இனப் பழங்குடி மக்கள் வாழும் சிற்றூர்கள் காட்டிடையே சிதறிக் கிடக்கின்றன. சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது அரசின் அளவுகோல். மலைப்பகுதிக்கு அது 3,000 பேர். அந்நிலையத்தின் ஆணிவேர் கிராம சுகாதாரச் செவிலியர். ஊரில் எவள் கருவுற்றாலும் முதலில் பதிவேட்டில் பெயரெழுதுபவர் அவரே. இரும்புச்சத்து மாத்திரை கொடுப்பவரும், தடுப்பூசி போடுபவரும், நாள் நெருங்கியதும் மருத்துவமனைக்கு அனுப்பி வைப்பவரும் அவரே. 1987-இல் தொடங்கிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பேறுகால நிதியுதவி ஓர் ஏழைத்தாயின் கையில் சேர்வதும் அவர் எழுதும் எழுத்தினால்தான். பிறர் பேற்றுக்கெல்லாம் கணக்கு வைத்திருக்கும் அப்பெண்ணே கருவுற்றால், அதுவும் ஒரு கொள்ளைநோய்க் காலத்தில் கருவுற்றால், அவருக்காகப் பதிவேடு எழுதியவர் யார்? இக்கேள்விக்கு நூறாண்டு வரலாறு உண்டு.

நம் வட்டாரத்திற்கு அணித்தான வேலூரிலிருந்தே தொடங்குவோம். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஐடா ஸ்கடர் எனும் இளம்பெண் திண்டிவனத்தில் தந்தையாருடன் தங்கியிருந்தபோது, ஒரே இரவில் மூவர் அடுத்தடுத்து வந்து கதவைத் தட்டினர். மூவரின் மனைவியரும் பேற்றுவலியில் துடித்துக்கொண்டிருந்தனர். ஆண் மருத்துவரை உள்ளே விடுவதற்கு அவர்களுள் எவரும் இசையவில்லை. அம்மூவருள் ஒருவர் முஸ்லிம் என்பதை வேலூர் மருத்துவமனையின் வரலாற்றை எழுதியோர் தவறாது குறிக்கின்றனர். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்தனர். அந்த இரவுதான் ஐடாவை மருத்துவராக்கியது. 1918-இல் வேலூரில் பெண்களுக்கென மருத்துவப் பள்ளியைத் தொடங்கவும் வைத்தது. பெண் மருத்துவர் இல்லாமையால் இறந்த பெண்களின் கதை நம் குடும்பங்களில் நன்கறியப்பட்ட கதை. பிற்காலத்தில் நம் பெண்மக்கள் மருத்துவமும் செவிலியமும் பயிலத் தொடங்கியபோது, தயங்கிய தகப்பன்மார்களுக்குப் பெரியவர்கள் எடுத்துச் சொன்ன நியாயமும் இதுவேதான்.

அதே 1918-ஆம் ஆண்டில்தான் இன்ஃபுளுவென்சாக் காய்ச்சல் உலகைச் சூறையாடியது. இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கு மேற்பட்டோர் மாண்டனர். அக்காய்ச்சல் கருவுற்ற பெண்களிடம் காட்டிய கொடுமை தனியானது. அமெரிக்க மருத்துவர் ஒருவர் 1,350 கருவுற்ற நோயாளிகளின் குறிப்புகளைத் திரட்டி 1919-இல் வெளியிட்டார். அவர்களில் ஏறத்தாழ பாதிப்பேருக்கு நிமோனியா கண்டது; நூற்றுக்கு 27 பேர் இறந்தனர். ஆக, கருவுற்றவளின் நுரையீரலைக் கொள்ளைநோய் எளிதில் வெல்லும் என்பது 2020-இல் புதிதாகக் கண்டறியப்பட்ட உண்மையன்று. நூறாண்டுகளாக நூல்களில் இருந்தது. பணிப்பட்டியல் எழுதுவோரின் மேசைக்குத்தான் அது வந்து சேரவில்லை.

அதே 1919-இல் வாஷிங்டனில் கூடிய முதல் சர்வதேசத் தொழிலாளர் மாநாடு, பேறுகாலப் பாதுகாப்புக்கென ஓர் உடன்படிக்கையை இயற்றியது. பிள்ளை பெற்ற ஆறு வாரத்திற்கு எந்தப் பெண்ணையும் வேலைக்கு வைத்தல் கூடாது. பேற்றுக்கு முன்னர் ஆறு வாரம் விடுப்பெடுக்க அவளுக்கு உரிமையுண்டு. அக்காலத்தில் பிழைப்புக்குப் பணமும் தருதல் வேண்டும் என்றது அது. தொழிற்சாலையையும் வணிகத்தையும் மனத்திற்கொண்டு எழுதப்பெற்ற உடன்படிக்கை அது. இந்தியா அதனை ஏற்றுக் கையொப்பமிடவுமில்லை. ஆனால் அதன் எதிரொலி இங்கும் கேட்டது. 1928-இல் பம்பாய்ச் சட்டசபையில் பேறுகால உதவி மசோதா வந்தபோது, தாய்க்கு ஓய்வளிப்பது நாட்டின் நலனுக்கே உரியது என்று டாக்டர் அம்பேத்கர் ஆதரித்துப் பேசினார். 1929-இல் அது சட்டமாயிற்று. சென்னை மாகாணம் 1934-இல் தன் சட்டத்தை இயற்றியது. விடுதலைக்குப் பின்னர் 1961-இல் நாடு முழுமைக்குமான பேறுகால உதவிச் சட்டம் பிறந்தது.

இச்சட்டங்கள் முதலில் கண்டது ஆலைப் பெண்ணையும் சுரங்கப் பெண்ணையும் தோட்டப் பெண்ணையுமே. மருத்துவமனைப் பெண் அவ்வளவாகக் கண்ணில் படவில்லை. அதற்கொரு காரணம் உண்டு. ஐரோப்பிய மரபிலிருந்து நமக்கு வந்த செவிலியப் பணி, நெடுங்காலம் மணமாகாத பெண்ணின் அர்ப்பணிப்பாகவே கருதப்பட்டது. மணமாகாதவள் என்றால் பேறுகாலம் ஏது? இந்திய இராணுவச் செவிலியர் பணியில் இருந்த ஒரு பெண் அலுவலரைத் திருமணம் செய்துகொண்டார் என்பதற்காகவே 1988-இல் வீட்டுக்கு அனுப்பினர். அவர் வழக்காடி வழக்காடி, 2024 பிப்ரவரியில்தான் உச்ச நீதிமன்றம் 60 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கச் சொல்லிற்று. இதற்கு முன்னர் 1981-இலேயே, முதற்கருவோடு விமானப் பணிப்பெண்ணின் வேலை முடிந்தது என்ற ஏர் இந்தியா நிறுவனத்தின் விதியை அதே நீதிமன்றம் கடுஞ்சொற்களால் கண்டித்துத் தள்ளியிருந்தது. வானூர்திப் பணிப்பெண் பெற்ற நீதி படைமருத்துவமனைச் செவிலியருக்கு வந்துசேர இத்தனை ஆண்டுகள் ஆயின.

1988-இல் செய்யப்பட்ட ஒரு திருத்தம், பத்துப்பேருக்கு மேல் வேலை செய்யும் கடைகளையும் நிறுவனங்களையும் 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் கொணர்ந்தது. தனியார் மருத்துவமனைகள் பலவும் இவ்வழியாகவே அதனுள் வந்தன. அரசுச் செவிலியருக்கோ பணிவிதிகள் தனி. தமிழ்நாட்டில் அவர்களின் பேறுகால விடுப்பு 2011-இல் ஆறு மாதமாகவும், 2016-இல் ஒன்பது மாதமாகவும், 2021 ஜூலையிலிருந்து பன்னிரண்டு மாதமாகவும் உயர்ந்தது. பிற பணியிடங்களுக்கு 2017-ஆம் ஆண்டுத் திருத்தம் 12 வாரத்தை 26 வாரமாக்கிற்று. 50 பேருக்கு மேல் பணியாற்றும் இடத்தில் பிள்ளைக்காப்பகம் வேண்டுமென்றதும் அத்திருத்தமே.

நம் வாசகர் வீட்டுப் பெண்கள் அறிந்துவைத்திருக்க வேண்டிய சில நுட்பங்கள் அச்சட்டத்தில் இருந்தன. விடுப்பின் அளவு மட்டுமே உரிமையன்று. எதிர்பார்க்கும் நாளுக்கு முந்திய ஆறு வாரமும், அதற்கும் முந்திய ஒரு மாதமும், கருவுற்ற பெண் வேண்டினால், நெடுநேரம் நிற்கவேண்டிய வேலையையோ உடலை வருத்தும் வேலையையோ அவள்மேல் சுமத்தலாகாது. கருவினால் நோயுற்றால் ஒரு மாதம் கூடுதல் விடுப்பு. கருச்சிதைவுற்றால் ஆறு வாரம். விடுப்பிலிருக்கும்போது வேலையிலிருந்து நீக்குதல் குற்றம். இவற்றில் முதலாவது, 'வேண்டினால்' என்ற ஒரு சொல்லில் தொங்கிக்கொண்டிருக்கிறது. வாய்திறந்து கேட்டவளுக்குத்தான் அந்த உரிமை. தலைமைச் செவிலியரின் முகம் கோணுமோ என அஞ்சி வாயடைத்து நிற்பவளுக்குச் சட்டம் தானாக வந்து நாற்காலி போடாது. 1961-ஆம் ஆண்டுச் சட்டம் இன்று தனியே இல்லை. 2025 நவம்பர் 21-ஆம் நாள் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு அதனைத் தன்னுள் ஏற்றுக்கொண்டது.

இனி 2020-க்கு வருவோம். கொரோனா வந்த முதலாண்டிலேயே மத்திய சுகாதார அமைச்சகம் மருத்துவமனைகளுக்கு ஓர் அறிவுரை அனுப்பிற்று. கருவுற்ற, பாலூட்டும் பணியாளர்கள் தம் நிலையை நிர்வாகத்திடம் தெரிவிக்க வேண்டும். அவர்களைக் கொரோனா அல்லாத பிரிவுகளில் மட்டுமே அமர்த்த வேண்டும் என்பது அதன் சாரம். நல்ல அறிவுரைதான். மத்திய அரசு அலுவலகங்களில் கோப்புப் பார்க்கும் கருவுற்ற பெண்களுக்கு நேரில் வருவதிலிருந்தே விலக்களித்தனர். கோப்பை வீட்டிலிருந்து பார்க்கலாம். பிரசவத்தை வீட்டிலிருந்து பார்க்க முடியுமா? எனவே செவிலியருக்குக் கிடைத்தது பிரிவு மாற்றம் மட்டுமே.

அந்த மாற்றம் பெரிய நகரத்துப் பெரிய மருத்துவமனையில் பொருளுடையது. அங்கே கட்டடம் வேறு, வாயில் வேறு. மலையடிவாரத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் எது கொரோனாப் பிரிவு, எது அல்லாத பிரிவு? ஒரே கூடம், ஒரே வரிசை. காய்ச்சலோடு வருபவரும் கருவோடு வருபவரும் ஒரே பலகையில் அமர்வர். நோயின் குறியே தோன்றாதவரும் நோயைப் பரப்பிய காலம் அது. பாதுகாப்பு உடையணிந்தால் பல மணிநேரம் நீரருந்தவும் இயலாது, கழிப்பிடம் செல்லவும் இயலாது. ஏழாம் மாதத்துப் பெண்ணுக்கு அது எத்தகைய தண்டனை என்பதை நம் வீட்டுப் பெண்களைக் கேட்டால் சொல்வர்.

இதனினும் பெரிய இடைவெளி தடுப்பூசியில் நேர்ந்தது. 2021 ஜனவரி 16-இல் நாட்டில் தடுப்பூசி தொடங்கியபோது முதல் வரிசையில் நின்றவர்கள் மருத்துவப் பணியாளர்களே. ஆனால் அவ்வரிசையிலிருந்து கருவுற்றவரும் பாலூட்டுவோரும் விலக்கப்பட்டனர். தடுப்பூசிச் சோதனைகளில் அவர்களைச் சேர்க்கவில்லையாதலால் நன்மை தீமைக்குச் சான்று போதாது என்பது காரணம். எச்சரிக்கை என்ற வகையில் அதைக் குறைசொல்ல முடியாது. ஆயின் எச்சரிக்கையின் மறுபாதியையும் செய்திருக்க வேண்டுமன்றோ? ஊசியின் காப்பு இல்லாதவளைப் பணியின் இடரிலிருந்து விலக்கியிருக்க வேண்டும். ஊசியிலிருந்து விலக்கியவர்கள் பணியிலிருந்து விலக்கவில்லை. பாலூட்டுவோருக்கு 2021 மே 19-இலும் கருவுற்றோருக்கு ஜூலை 2-இலும் அனுமதி வந்தது. இரண்டாம் அலை தமிழகத்தைத் தாக்கி, ஒரே நாளில் 36,000 பேருக்கு நோய் கண்ட மே மாதம் அந்த இடைவெளிக்குள் விழுந்தது.

அந்த மே மாதத்தில்தான் மதுரையில் ஆரம்ப சுகாதார நிலையமொன்றில் பணியாற்றிய இளம் பெண் மருத்துவர், எட்டு மாதக் கருவோடு, கொரோனாவால் இறந்தார். பெயரை இங்கு எழுத வேண்டியதில்லை. அக்குடும்பத்தின் துயரம் அவர்களுடையது. ஆனால் அச்செய்தியைப் படித்த நாளில், மருத்துவப் பணியிலுள்ள மகளையோ மருமகளையோ உடைய ஒவ்வொரு வீட்டிலும் எழுந்த கேள்வி ஒன்றுதான். மும்பையிலுள்ள தேசிய ஆய்வு நிறுவனம் கருவுற்ற நோயாளிகளைப் பற்றித் திரட்டிய பதிவேட்டின் கணக்கு பின்னர் வெளிவந்தது. முதல் அலையில் அவர்களுள் நோய்க்குறி கண்டவர் நூற்றுக்கு 14.2, இரண்டாம் அலையில் 28.7. இறப்பு முதல் அலையில் நூற்றுக்கு 0.7; இரண்டாம் அலையில் 5.7. ஏறக்குறைய எட்டு மடங்கு.

பணியில் இறந்த மருத்துவப் பணியாளர் குடும்பத்துக்கு 50 லட்சம் ரூபாய் காப்பீடு என மத்திய அரசு 2020 மார்ச் இறுதியில் அறிவித்திருந்தது. இறந்த பின்னர் வழங்குவதற்கு அரசிடம் திட்டம் தெளிவாக இருந்தது. இறவாமலிருக்க விடுப்பு வழங்குவதற்கே தெளிவில்லை.

எதிர்வாதத்தையும் நேர்மையோடு நோக்க வேண்டும். செவிலியருள் பெரும்பாலோர் பெண்கள். அவருள் கணிசமானோர் பிள்ளை பெறும் வயதினர். அத்தனைபேரையும் ஒரே காலத்தில் விலக்கினால் நோயாளியின் தலைமாட்டில் நிற்பவர் யார் என்று நிர்வாகிகள் கேட்டனர். கேள்வி பொய்யன்று. அதற்கு அரசு கண்ட விடை, ஆறு மாத ஒப்பந்தத்தில் செவிலியரைப் புதிதாக அமர்த்துவது. அவர்களும் இளம்பெண்களே, அவர்களும் கருவுறுவர். அவர்களின் ஒப்பந்தம் 2022 டிசம்பர் 31-உடன் முடிந்ததென அறிவிக்கப்பட்டபோது தெருவில் அமர்ந்து போராடியவர்களுள் கைக்குழந்தையோடு வந்தவர்களும் இருந்தனர். நிரந்தரப் பணியாளருக்கு ஓராண்டு விடுப்பு; பக்கத்துக் கட்டிலில் அதே வேலையைச் செய்யும் ஒப்பந்தச் செவிலியருக்கு விடுப்பெடுத்தால் வேலை இருக்குமா என்ற அச்சம். இதுதான் நம் காலத்தின் வேற்றுமை.

இவ்வேற்றுமையை நீதிமன்றங்கள் மெல்லமெல்ல அறுத்துவருகின்றன. நாட்கூலிப் பெண்ணுக்கும் பேறுகால உதவி உண்டென 2000-ஆம் ஆண்டிலேயே டில்லி மாநகராட்சி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. 2022 ஆகஸ்டில் சண்டிகர் மருத்துவ நிறுவனத்துச் செவிலியர் ஒருவரின் வழக்கு வந்தது. கணவரின் முதல் மனைவியின் பிள்ளைகளுக்காக முன்னர் விடுப்பெடுத்தார் என்ற காரணங்காட்டி, அவர் தாமே ஈன்ற முதற்குழந்தைக்கு விடுப்பு மறுத்திருந்தனர். அது தவறென்றது நீதிமன்றம். 2023 ஆகஸ்டில் டில்லி மருத்துவமனையொன்றின் ஒப்பந்த மருத்துவர் வழக்கில், ஒப்பந்தக் காலம் முடிந்தாலும் பேறுகாலப் பயன் முடியாதென்றது. அதற்கு முந்திய ஓராண்டில் 80 நாள் வேலை செய்திருந்தால் போதும். 2025-இல் தமிழகத்தின் ஒப்பந்தச் செவிலியர் சங்கமொன்றின் வழக்கில், பணியொப்பந்தத்தின் நிபந்தனையைக் காட்டிச் சட்டம் தந்த பேறுகாலப் பயனை மறுக்க முடியாதெனச் சென்னை உயர் நீதிமன்றமும் கூறிவிட்டது.

கொள்ளைநோய்க் காலத்தில் கடமை எது, சலுகை எது என்ற வினா நம் சமுதாயத்திற்குப் புதிதன்று. ஹிஜ்ரி 18-இல் அம்வாஸ் கொள்ளைநோய் ஷாம் நாட்டை அலைக்கழித்தது. கலீஃபா உமர் (ரலி) அவர்கள் சர்க் எனுமிடத்தில் தோழர்களைக் கலந்தாலோசித்துத் திரும்பிவிட்டார்கள். இறைவிதியிலிருந்து ஓடுகிறீர்களா என அபூ உபைதா (ரலி) அவர்கள் வினவியதும், உமர் அவர்கள் அளித்த மறுமொழியும் நாம் அறிந்தவை. அபூ உபைதா அவர்கள் தம் மக்களோடு தங்கி அந்நோயிலேயே மறைந்தார்கள். இருவரையும் நாம் போற்றுகிறோம். நோயிடத்தில் நிலைத்து நிற்பது உயர்ந்தது என்பதற்கு அவர் சான்று. இடரிலிருந்து மக்களை விலக்குவது ஆள்வோரின் பொறுப்பு என்பதற்கு இவர் சான்று. அகழ்ப்போரின்போது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் பள்ளிவாசலிலேயே கூடாரமிட்டுக் காயம்பட்டோரைப் பேணிய ருஃபைதா (ரலி) அம்மையாரைச் செவிலியத்தின் முன்னோடி என்கிறோம். அதே மார்க்கம்தான் கருவுற்றவளுக்கும் பாலூட்டுபவளுக்கும் நோன்பில் சலுகை தந்தது. பணிபுரிவதைப் பெருமை என்று கூறிக்கொண்டே சலுகையை இழுக்கு என எண்ணுவோர், பின்னதையும் மார்க்கமே தந்தது என்பதை மறந்துவிடுகின்றனர்.

உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில் நிகழ்ந்த மற்றொன்று இப்பொருளுக்கு இன்னும் நெருக்கமானது. பால்குடி மறந்த குழந்தைக்கே பைத்துல்மாலிலிருந்து உதவித்தொகை என முதலில் விதி இருந்தது. மதீனாவுக்கு வெளியே தங்கிய வணிகக் கூட்டத்தை இரவில் காவல் காத்து நின்றபோது, ஒரு குழந்தை ஓயாமல் அழுவதைக் கேட்டுத் தாயை அணுகினார்கள். உதவித்தொகை பெறும்பொருட்டு நாளாகுமுன்னரே பால் மறக்கடிக்கிறேன் என்றாள், வந்தவர் யாரென அறியாத அத்தாய். மறுநாள் அதிகாலைத் தொழுகையில் அவர்கள் ஓதியது அழுகையினால் பிறருக்குச் சரிவரக் கேட்கவில்லையாம். தொழுகை முடிந்ததும் பிறந்த ஒவ்வொரு குழந்தைக்கும் தொகை உண்டென ஆணை பிறந்தது. விதியை எழுதியவரே, அவ்விதி தாயை எங்கே நெருக்குகிறது என்று நேரில் கண்டு ஓரிரவில் திருத்தினார். நம் ஒப்பந்தச் செவிலியர் வழக்குகள் எத்தனை ஆண்டுகள் நடந்தன என்பதை வாசகர் ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

மீண்டும் ஜவ்வாது மலை. இம்மலையின் புலியூரைச் சேர்ந்த ஸ்ரீபதி எனும் மலையாளி இனப் பெண், 2023 நவம்பரில் பிள்ளை பெற்ற இரண்டொரு நாளில் சென்னைக்குப் பயணம் செய்து உரிமையியல் நீதிபதித் தேர்வை எழுதினார். 2024-இல் தேர்ச்சி பெற்றார். நாடே வியந்தது, வியக்கத்தக்கதே. பிள்ளை பெற்ற ஆறு வாரத்திற்கு எவரும் வேலை வாங்கலாகாது என எழுதிய சட்டத்தைப் பயின்று நீதிபதியாகப் போகிறவர், அந்த நாட்களிலேயே தேர்வுக்கூடத்தில் அமர நேர்ந்தது. தேர்வுக்கு அவ்விதி பொருந்தாது. ஆயினும் தேர்வு நாளை மாற்றித்தர வழியிருந்திருக்குமானால், அவர் மலைப்பாதையில் அப்படிக் குலுங்கியிருக்க வேண்டாம்.

இம்மலையூர்களில் வீடுவீடாகச் செல்லும் இன்னொரு பெண்ணும் உண்டு. அவர் ஆஷா பணியாளர். 2005-இல் நாடெங்கும் தொடங்கிய இத்திட்டம் தமிழகத்தில் மலை, பழங்குடிப் பகுதிகளுக்கே பெரிதும் உரியதாயிற்று. கொரோனாக் காலத்தில் காய்ச்சல் கண்டவரைத் தேடி ஒற்றையடிப் பாதைகளில் அனுப்பப்பெற்றவர்களுள் இவர்களும் அடங்குவர். அரசின் ஏட்டில் இவர் பணியாளரல்லர், தன்னார்வத் தொண்டர். பெறுவது ஊதியமன்று, ஊக்கத்தொகை. எத்தனை வீடு சென்றாரோ, எத்தனை பெண்ணை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றாரோ, அத்தனைக்குத்தான் பணம். தாம் கருவுற்று வீட்டில் ஓய்ந்திருக்கும் மாதத்தில் அக்கணக்கில் எழுத ஒன்றுமிராது. மேலே சொன்ன தீர்ப்புகள் நாட்கூலிப் பெண்ணையும் ஒப்பந்த மருத்துவரையும் வந்தடைந்துவிட்டன. ஊதியமே இல்லாத இவரிடம் வந்துசேர, முதலில் இவர் செய்வது வேலைதான் என்று எவரேனும் எழுத வேண்டியிருக்கிறது.